முன்வரிசையில் அம்மாக்கள்

கலவரத்தை அடக்குகிறேன் என்று கிளம்புகிறவர்களை முதலில் ஒரு தூணில் கட்டிப்போட வேண்டும். மற்ற ஏற்பாடெல்லாம் அப்புறம். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சாந்தோம் கடற்கரை மணலில், என் மாணவிகள் பாதிப் பேரும், பங்குச் சாமியாரும், ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரும் பார்த்துக்கொண்டிருக்க, நானே நடத்திக் காட்டித் தெரிந்துகொண்டேன்.

யுத்தம் முடிந்து, அரிசி இன்னும் ரேஷனில் இருந்த காலம். எனக்கு இருபத்து மூன்று வயது. பெண்கள் பள்ளி ஒன்றில் முதல் ஃபாரத்துக்கு, அதாவது ஆறாம் வகுப்புக்கு, டீச்சர். நான் "உட்கார்" என்றால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து உட்காரும். (அந்த வகுப்பு டீச்சரும் உட்கார்ந்துவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகை.) உலகத்தில் எந்தக் கூட்டத்தையும் கண்ணை உருட்டியே அடக்கிவிடலாம் என்று அப்போது மனதார நம்பிக்கொண்டிருந்தேன்.

என் தம்பி சவரி, எங்கள் பங்கு இளைஞர்களின் 'கடலோரம்' கால்பந்து டீமில் கோல்கீப்பர். மயிலாப்பூர் குளத்தைச் சுற்றியிருந்த பையன்கள் வைத்திருந்த டீமுக்கு 'குளக்கரை' என்று பெயர். இரண்டுக்கும் வருஷம் ஒரு முறை, எங்கள் மணல் மைதானத்தில், ஒரு பித்தளைக் கோப்பைக்குப் போட்டி. டிராமில் லஸ் முனையிலிருந்து ஒரு கூட்டம் வரும். அடையாறு பாலம் தாண்டி நடந்தே ஒரு கூட்டம் வரும். பந்து எப்போதாவது கோலுக்குள் போகும். சோடா பாட்டில் மட்டும் தவறாமல் பறக்கும்.

முந்தின வருஷம் பறந்தது கொஞ்சம் அதிகம். ரெஃப்ரியாக இருந்தவர் சேஷாத்ரி சார். கணக்கு வாத்தியார், குடுமி வைத்தவர், மயிலாப்பூர்க்காரர். மயிலாப்பூர்க்காரர் என்பதால் எங்கள் ஆட்களுக்கு அவர் மேல் சந்தேகம். மயிலாப்பூர்க்காரராக இருந்தும் நியாயமாக விசில் ஊதுகிறாரே என்று அவர்கள் ஆட்களுக்குக் கோபம். கடைசி நிமிஷத்தில் ஒரு கோல் செல்லாது என்று அவர் சொன்னதும் இரண்டு பக்கத்திலிருந்தும் பாட்டில்கள் கிளம்பின. மனிதர் ஓடினார். ஓடின பக்கம் கடல். எங்கள் குப்பத்து சூசை அண்ணன்தான் அவரைக் கட்டுமரத்தில் ஏற்றி, கூட்டம் கலைகிற வரைக்கும் அலைக்கு அந்தப் பக்கம் வைத்திருந்தார். முதல் பாட்டிலை எறிந்ததும் இதே சூசை அண்ணன்தான். கேட்டதற்கு, "பாட்டிலு என் கையிலதான் இருந்திச்சி டீச்சரம்மா. எப்டிப் போச்சின்னு தெர்ல. அதுக்காவ வாத்தியாரை வுட்டுட முடியுமா?" என்றார்.

ஆகவே இந்த வருஷம் போட்டிக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் ஒரு கூட்டம் போட்டார். பங்குச் சாமியாரின் அறையில் கூடினோம். சாமியார், இன்ஸ்பெக்டர், சேஷாத்ரி சார், கடலோரம் சார்பில் சவரி, குளக்கரை கேப்டன் வரதன். பேசுவதையெல்லாம் எழுதிவைக்க ஓர் ஆள் வேண்டுமென்று என்னையும் உட்காரவைத்திருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார். "இன்னொரு தடவை இந்த மைதானத்துல ரகளை நடந்தா, போட்டிக்கு அனுமதியே கிடையாது. கோல் கம்பத்தைப் பிடுங்கி ஸ்டேஷன்ல போட்டுடுவேன். அப்புறம் நீங்க பந்தை வீட்டுக்குள்ளதான் உதைக்கணும்."

சவரியின் முகம் செத்துவிட்டது. அவனுக்கு அந்த மணலை விட்டால் வேறு உலகம் கிடையாது.

ஆளாளுக்கு ஒரு யோசனை. சோடா விற்பனைக்குத் தடை. வாசலிலேயே ஆண்களிடமிருந்து குடை, கைத்தடி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவது. சோடாவுக்குப் பதில் பானையில் நீர்மோர். மொண்டு குடிக்கிற டம்ளரைப் பானைக் கழுத்தோடு சணல் கயிற்றால் கட்டிவிடுவது. (டம்ளரும் பறக்கும், அனுபவம் உண்டு.) ஆட்டத்துக்கு முன் எல்லாரும் ஒரு ஜெபம் சொல்லலாம் என்றார் சாமியார். சேஷாத்ரி சார் மட்டும் நிதானமாக, "எல்லாம் சரி. சூசையோட கட்டுமரம் கரையில ரெடியா நிக்கட்டும். போன தடவை அதைத் தேடிண்டு ஓட வேண்டியிருந்தது" என்றார்.

அப்போதுதான் நான் பேனாவைக் கீழே வைத்தேன். வைத்திருக்கக் கூடாது.

"நான் ஒண்ணு சொல்லலாமா? பாட்டில் எறியறவங்க எல்லாரும் வெளியிலதான் புலி. வீட்டுல பூனை. சூசை அண்ணன் அவங்கம்மா எதிர்ல பீடிகூடப் பிடிக்க மாட்டாரு. அவங்கவங்க அம்மா, அக்கா, பெண்சாதி எல்லாரையும் கூட்டிட்டு வந்து முன்வரிசையில உட்கார வைங்க. ரெண்டு பக்கத்துப் பெண்களையும் கலந்து உட்கார வைங்க. அம்மா தலைக்கு மேல எவன் பாட்டில் எறிவான்?"

சாமியார் என்னைப் பார்த்த பார்வையில் பீடத்தில் வைத்துக் கும்பிட ஒரு அர்ச்சிஷ்டவரைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவிக்கொண்டு, "நல்ல யோசனை. என் வீட்டுலேருந்தும் வரச் சொல்றேன்" என்றார். குளக்கரை வரதன் மட்டும் வெளிறிப்போய்விட்டான்.

"எங்கம்மாவையுமா?"

"கேப்டனோட அம்மா இல்லாமலா?" என்றேன்.

"அதுக்கில்லை டீச்சர். எங்காத்துல நான் சாயங்காலம் டைப்ரைட்டிங் கத்துக்கப் போறேன்னு நெனச்சிண்டிருக்கா."

அந்தத் தர்மசங்கடத்தையும் நானே தலையில் போட்டுக்கொண்டு, மாட வீதியில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா அலமேலு மாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்காத்து வரதனா? கால்பந்தா? அவன் டைப்ரைட்டிங்குக்குன்னா போயிண்டிருக்கான்!"

"அவன்தான் மாமி கேப்டன்."

"அப்போ முட்டியெல்லாம் சிராய்ச்சுண்டு வந்தானே, இன்ஸ்டிட்யூட் மாடிப்படியில விழுந்துட்டேன்னானே, வாரா வாரமா விழுவான்னு நானும் கேக்காம இருந்தேன் பாரு!" மாமிக்குக் கோபம் வந்தது. பிறகு கேப்டன் என்ற சொல் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. "கேப்டன்னா, மத்தவா எல்லாரும் இவன் சொன்னபடி கேக்கணுமா?"

"ஆமாம் மாமி."

"ஆத்துல ஒருத்தரும் கேக்க மாட்டாளே" என்று சிரித்துவிட்டார். "வரேன். என் பாயை நானே கொண்டுவந்துடுவேன்."

போட்டி நாளன்று மைதானத்தைப் பார்க்க வேண்டுமே! முன்வரிசை முழுக்கப் பெண்கள். குப்பத்துப் பெண்கள், குளக்கரை மாமிகள், பள்ளிக்கூட டீச்சர்கள், நடுநாயகமாகப் பட்டுப்புடவையில் இன்ஸ்பெக்டரம்மா. பின்னால் ஆண்கள், கையில் ஒன்றுமில்லாமல், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். வாசலில் ஒரு கான்ஸ்டபிள், குவிந்த குடைகளுக்குக் காவல். நான் கையில் 'அமைதி' என்று எழுதின வெள்ளை நாடா கட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கொண்டுவந்த குடையை மடக்கி ஊன்றியபடி வரிசையை மேற்பார்வை பார்த்தேன். (ஆண்களிடம்தான் குடையை வாங்கச் சொல்லியிருந்தோம். பெண்களிடம் கேட்பது மரியாதை இல்லை என்று தீர்மானம் போட்டிருந்தோம். தீர்மானத்தை எழுதினவள் நான்.)

என் அம்மாவையும் அலமேலு மாமியையும் வேண்டுமென்றே அடுத்தடுத்து உட்கார வைத்தேன். ஒரு பக்கம் கோல்கீப்பர் அம்மா, ஒரு பக்கம் கேப்டன் அம்மா. ஒத்துப்போவார்களா என்று பயந்தேன். முதல் பாதி முடிவதற்குள் இரண்டு பேரும் முட்டிச் சிராய்ப்பில் ஒன்றாகிவிட்டார்கள்.

"உங்க பையனுக்கும் முட்டிதானா?" என்றார் அம்மா.

"ரெண்டு முட்டியும். மஞ்சளைக் குழைச்சுப் போடுவேன்."

"நான் தேங்காய் எண்ணெய். ராத்திரியெல்லாம் எரியுதுன்னு கத்துவான்."

"இவனும்தான்! டைப்ரைட்டிங் எரியறதுன்னு கத்தினான், நானும் நம்பினேன்."

இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பின்னால் சூசை அண்ணன் அவருடைய அம்மாவுக்கு தோள் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். ஒரு தடவை தப்பாக விசில் ஊதிய சேஷாத்ரி சாரைப் பார்த்து அவர் வாயைத் திறந்தார். அவருடைய அம்மா திரும்பிப் பார்த்தார். அவர் வாயை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் எனக்குத் தூரத்திலிருந்தே தலையசைத்தார். அந்தத் தலையசைப்பை வாங்கிக்கொண்டு நான் மண்ணில் கால் பாவாமல் நடந்தேன். மெட்ராஸ் முழுக்க இதே ஏற்பாடு வரும், என்னைக் கூப்பிட்டு யோசனை கேட்பார்கள் என்பது வரைக்கும் போய்விட்டேன்.

இரண்டாம் பாதி முடியப் போகிற நேரம். இன்னும் கோல் எதுவும் விழவில்லை. வரதன் பந்தைத் தள்ளிக்கொண்டு எங்கள் கோலை நோக்கித் தனியாக வந்தான். சவரி பாய்ந்தான். அடுத்த நிமிஷம் வரதன் முகம் மணலில். சேஷாத்ரி சார் விசில் ஊதி, கையை நீட்டினார். பெனால்டி.

"அய்யய்யோ! என் கொழந்தை காலை ஒடிச்சுட்டானே, கொலகாரப் பாவி!" என்று எழுந்தார் அலமேலு மாமி.

அம்மாவும் எழுந்தார். "யாரைப் பாத்துக் கொலைகாரன்றீங்க? ஒரு ஞாயித்துக்கெழமை பூசை தவறாத புள்ள அவன்! உங்க புள்ளதான் பொய் சொல்லிட்டு வந்தவன்!"

"என் புள்ளையைப் பொய்யன்னா சொன்னேள்?"

"டைப்ரைட்டிங்!" என்றார் அம்மா. ஒரே சொல்தான். ஆனால் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே!

மாமி கைக்கெட்டின மோர் டம்ளரை எடுத்தார். டம்ளரைக் கட்டியிருந்தோம். மோரைக் கட்ட முடியவில்லை. அம்மா குனிந்துவிட்டார். மோர் முழுவதும் இன்ஸ்பெக்டரம்மாவின் பட்டுப்புடவையில் இறங்கியது. அந்த அம்மாள் வெற்றிலைப் பெட்டியைக் கையில் எடுத்தார். பிறகு யார் யாரை என்ன சொன்னார்கள் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ஏனென்றால் அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை.

அமைதி நாடா கட்டினவள் எங்கே இருந்திருக்க வேண்டும்? அந்த வரிசையில். நானோ குடையைத் தூக்கிக்கொண்டு, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்தபடி, மைதானத்தின் நடுவே ரெஃப்ரியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். என் தம்பி அப்படிச் செய்வானா? மூளை வேலை செய்யவில்லை. கால் மட்டும்தான் செய்தது.

"சார்! இது அநியாயம்!"

"ரெஜினா, நீ கமிட்டி. போய் உக்காரு."

"கமிட்டின்னா கண்ணு தெரியாதா? அவன் பந்தைத்தான் பிடிச்சான்!"

"காலைப் பிடிச்சான்."

"பந்தை!" என்று குடையை நீட்டினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நீட்டத்தான் நீட்டினேன். பழைய குடை, பிடி தளர்ந்தது. படாரென்று அவர் முகத்துக்கு நேரே விரிந்தது. கடல்காற்று அதைப் பிடித்து உந்த, நானும் குடையோடு சேர்ந்து அவர் மேல் போய் மோதினேன். மனிதர் மல்லாந்து மணலில் விழுந்துவிட்டார். விசில் வாயிலேயே இருந்தது. அவர் மூச்சு வாங்க, மூச்சு வாங்க, விசில் 'கீ, கீ' என்று ஊதியது. ஒவ்வொரு 'கீ'க்கும் ஆட்டக்காரர்கள் இரண்டடி ஓடி நின்றார்கள்.

டீச்சரே இறங்கிவிட்டாள் என்றதும் முன்வரிசையும் இறங்கியது. குடைகள் முன்னால் வந்தன. எங்கள் ஏற்பாட்டில் மைதானத்திலேயே ஆயுதம் வைத்திருந்தவர்கள் பெண்கள் மட்டும்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பின்னாலிருந்து சூசை அண்ணனின் குரல் கேட்டது. "டேய்! கையைப் புடிங்கடா! அம்மாங்கள உள்ள வுடாதீங்கடா! மைதானம் பூடும்!"

அப்போது நடந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. போன வருஷம் பாட்டில் எறிந்த அத்தனை பேரும், குப்பத்து ஆட்களும் குளக்கரை ஆட்களும், யார் எந்தப் பக்கம் என்று பார்க்காமல் கைகோத்துக்கொண்டு ஓடிவந்து, பெண்களைச் சுற்றி வேலி போட்டு நின்றார்கள். "வாணாம்மா, உக்காரும்மா" என்று சூசை அண்ணன் தன் அம்மாவிடம் கெஞ்சினார். அவருடைய இடது கையைப் பிடித்திருந்தவர் யாரோ மாட வீதி வக்கீல் குமாஸ்தா. "அம்மா, நோக்கு பிளட் பிரஷர்" என்று அவர் ஒரு பக்கம் கெஞ்சிக்கொண்டிருந்தார். வரதன் நொண்டிக்கொண்டே வந்து அலமேலு மாமியின் கையைப் பிடித்தான். "எனக்கு ஒண்ணும் ஆகலைம்மா. இதோ பாரு, நிக்கறேன்."

சவரி என்னிடம் வந்தான். காதோடு சொன்னான். "அக்கா, நான் காலைத்தான் பிடிச்சேன். பந்து தாண்டிப் போயிடுச்சு, வேற வழி தெரியல."

பூமி பிளக்குமா என்று பார்த்தேன். மணல்தானே, பிளக்காது.

சேஷாத்ரி சார் எழுந்தார். குடுமியை அவிழ்த்து மணலை உதறி முடிந்துகொண்டார். விசிலை நீளமாக ஒரு ஊது ஊதி, என்னைப் பார்த்து, வலது கையை வாசலை நோக்கி நீட்டினார்.

ஆட்டக்காரர்களை அப்படி அனுப்பிப் பார்த்திருக்கிறேன். பார்க்க வந்தவரை அனுப்பி நான் கேள்விப்பட்டதில்லை. மைதானம் முழுவதும் அமைதியாகிவிட்டது. வந்திருந்த பாதி முதல் ஃபாரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் குடையை மடக்கினேன். (மடங்கவில்லை. விரித்தபடியே எடுத்துக்கொண்டு போனேன்.) தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்கு நடந்து, கான்ஸ்டபிளின் குடைக் குவியலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து ஒன்றும் தெரியாது. ஓலைத் தட்டி மறைத்தது. பெனால்டி உதைக்கப் போகிறார்கள் என்பது மட்டும் கூட்டத்தின் மூச்சிலிருந்து புரிந்தது. விசில் ஊதியது. பிறகு பெரிய கைதட்டல். நிற்கவே இல்லை. அது ஒரு பக்கத்துக் கைதட்டலாக இருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன், இரண்டு பக்கமும் சேர்ந்து தட்டினால் என்ன கண்டுபிடிப்பது?

கான்ஸ்டபிளைக் கேட்டேன். "யார் ஜெயிச்சது?"

அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போய்ச் சொன்னார். "தெரியலீங்க டீச்சர். சண்டையே நடக்கலியே, எப்படிச் சொல்றது?"

தோற்றது நாங்கள்தான். வரதன் உதைத்தது சவரியின் விரல் நுனியில் பட்டு உள்ளே போயிருக்கிறது. சவரி எழுந்து போய் வரதனின் கையைக் குலுக்கியிருக்கிறான். முதலில் கைதட்டினவர் சூசை அண்ணனாம். கை கோத்து நின்றவர்கள் கையை விடுவித்துக்கொண்டதே தட்டுவதற்காகத்தானாம். அப்போது அந்த வாசலில், மணலில் உட்கார்ந்து கைதட்டலை மட்டும் கேட்டுக்கொண்டு, அவமானத்தில் முகம் எரிய, எனக்கு நெஞ்சு விம்மியது. நான் வெளியேதான் இருந்தேன். ஆனால் உள்ளே நான் நினைத்தது நடந்துவிட்டது, நான் நினைத்த மாதிரி இல்லாவிட்டாலும்.

கூட்டம் கலைந்ததும் சாமியார் கைகளைப் பிசைந்துகொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனார். நானும் எழுந்து பின்னால் போய் நின்றேன்.

"ஐயா, என் தப்பு" என்றேன். "மைதானத்தை மூடிடாதீங்க. பையன்கள் ஒண்ணுமே செய்யல."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். பிறகு சற்றுத் தள்ளி, மோர் காய்ந்து விறைத்த பட்டுப்புடவையோடு, கையில் வெற்றிலைப் பெட்டியோடு நின்ற தன் மனைவியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"பாட்டில் எதுவும் பறக்கல. ஆம்பளைங்க யாரும் வரம்பு மீறல. நான் அதை மட்டும்தான் மேல சொல்ல முடியும். மத்ததைச் சொன்னா, நான் வீட்டுக்குப் போக முடியாது."

மைதானம் பிழைத்தது. அடுத்த வருஷமும் போட்டி நடந்தது, அதற்கு அடுத்த வருஷமும். அம்மாக்கள் முன்வரிசைதான். அந்த ஏற்பாட்டை யாரும் மாற்றவில்லை. ஒரே ஒரு திருத்தம்: வாசலில் பெண்களிடமும் குடையை வாங்கினார்கள், கமிட்டியிலிருந்து ஆரம்பித்து. அம்மாவும் அலமேலு மாமியும் அதன் பிறகு ஒருவர் இல்லாமல் ஒருவர் ஆட்டம் பார்த்ததில்லை. பெனால்டி என்றால் மட்டும் இருவரையும் பிரித்து உட்காரவைக்க வேண்டியிருந்தது.

சேஷாத்ரி சாரிடம் மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை ரெஜினா. போன வருஷம் கடலுக்குப் போனேன். இந்த வருஷம் மணலோட போச்சு. முன்னேற்றம்தான்" என்றார்.

ஆனால் சவரி விடவில்லை. போட்டி நடந்த அன்று ராத்திரியே சாப்பிடும்போது, அப்பாவிடம் நான் குரலை உயர்த்தி என்னவோ வாதாடிக்கொண்டிருந்தேன். அவன் இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்து, வாசலைக் காட்டினான். அப்பா உட்பட அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. என் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரோடு பந்தி விஷயமாக நான் பேச ஆரம்பித்ததும், கோயில் வாசலிலேயே சவரி விசில் அடித்தான். விஷயம் தெரியாத என் வீட்டுக்காரர் பயந்துபோனார். பிறகு அவரும் கற்றுக்கொண்டார். என் பிள்ளைகளுக்கு 'அம்மா' என்று சொல்ல வருவதற்கு முன்னால் அந்த விசில் வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சின்னவனை ஏமாற்றிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. நான் நியாயம் பேசப் போய், குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. பெரியவள் விசில் அடித்து, வாசலைக் காட்டினாள்.

எழுந்து போனேன். ரெஃப்ரி சொன்னால் போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் இப்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு போவதில்லை.